ரைஃபிளோடு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்

சாக்ரமென்டோவுக்குக் கிழக்கே, ஃபோல்சம் பக்கத்தில் வாழும் தமிழர்களில் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் சிலரை எனக்குத் தெரியும். சிலர் இலையுதிர் காலத்தில் சியரா மலையடிவாரத்துக்கு மான் வேட்டைக்குப் போகிறவர்கள். சிலர் விடுமுறை நாட்களில் சுடுதளத்தில் நூறு கஜத் தூரத்தில் காகித இலக்கை வைத்துப் பழகுகிறவர்கள். பொங்கல் விழாவிலோ பிறந்தநாள் விருந்திலோ யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பிறகு தனியாகத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறார்கள்: "அக்கா, என்னிடம் இருப்பது இன்னும் சட்டப்படி சரிதானா?"

"இன்னும்" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கலிபோர்னியாவில் முறைப்படி வாங்கி, பீரோவை விட்டு நகர்த்தாமல் வைத்திருந்த ஒரு ரைஃபிள், புத்தாண்டு பிறந்தவுடன் வேறு சட்ட வகைக்குள் போய்விட முடியும். எனக்கே அது நடந்தது. நான் வழக்கறிஞர் இல்லை. கணக்குத் தணிக்கை என் தொழில். ஒரு சட்டப்பிரிவைப் படித்தால் அது எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது, யாரைக் கட்டுப்படுத்துகிறது, யாருக்கு விலக்கு என்று பார்ப்பது தொழிலால் வந்த பழக்கம். அந்தக் கண்ணோடு பார்த்ததை எழுதுகிறேன். சிக்கலில் மாட்டியவர்கள் இந்தப் பதிவை நம்பி நிற்காமல் வழக்கறிஞரிடம் போக வேண்டும்.

என்னிடம் இரண்டு ரைஃபிள்கள் உள்ளன. ஒன்று, ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிள், 2011-ல் வாங்கியது. மற்றொன்று 2014-ல் வாங்கிய ஏஆர்-15 வகை அரைத்தானியங்கி; விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா சுடும், அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். முதலாவதைச் சட்டம் பெரிதாகத் தொந்தரவு செய்ததில்லை. இரண்டாவதுதான் கதை.

கதைக்கு முன்னால் ஸ்டாக்டனைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1989 ஜனவரி 17 அன்று அங்கே கிளீவ்லண்ட் தொடக்கப் பள்ளி மைதானத்தில் ஒருவன் ஏகே வகை ரைஃபிளால் சுட்டான். ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். கம்போடியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் போருக்குத் தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அந்த ஆண்டே ராபர்ட்டி-ரூஸ் சட்டம் வந்தது; குறிப்பிட்ட மாதிரிகளைப் பெயர் சொல்லித் தாக்குதல் ஆயுதம் என்று தடை செய்தது. கோல்ட் நிறுவனத்தின் ஏஆர்-15 அந்தப் பட்டியலில் இருக்கிறது. வேறு நிறுவனங்கள் வேறு பெயரில் அதே வடிவத்தைச் செய்ததால், 2000-த்திலிருந்து உறுப்புகளை வைத்து வரையறுக்கும் முறை சேர்ந்தது. இந்தச் சட்டங்களைப் பற்றிக் கோபமாகப் பேசும் நண்பர்களிடம் நான் முதலில் ஸ்டாக்டனைத்தான் நினைவுபடுத்துவேன். அகதிக் குழந்தைகளின் சாவிலிருந்து பிறந்த சட்டத்தை, புலம்பெயர்ந்து வந்த நாம் வெறும் அரசாங்கத் தொல்லை என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை.

அதே நேரத்தில், உறுப்பு வரையறை நல்ல அளவுகோல் என்று என்னால் சொல்ல முடியாது. தண்டனைச் சட்டத்தின் 30515-ஆம் பிரிவு சொல்வதன் சாரம் இது: சென்டர்ஃபயர் தோட்டா (அடிப்பகுதியின் நடுவில் அடித்து வெடிப்பது) சுடும் அரைத்தானியங்கி ரைஃபிளில், மேகசின் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் உறை) நிலையாகப் பொருத்தப்படாமல் கழற்றக்கூடியதாக இருந்து, கூடவே கீழே துருத்தி நிற்கும் பிஸ்டல் கைப்பிடியோ, கட்டைவிரல் நுழையும் துளை வைத்த தோள்தண்டோ, மடங்கும் அல்லது நீண்டு சுருங்கும் தோள்தண்டோ, முன்பக்கக் கைப்பிடியோ, சுடரை மறைக்கும் முனையோ, குண்டு வீசும் கருவியோ, இவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அது தாக்குதல் ஆயுதம். நிலையான மேகசினில் பத்துக்கு மேல் தோட்டா கொண்டாலும் அப்படியே. மொத்த நீளம் 30 அங்குலத்துக்குக் குறைந்தாலும் அப்படியே. விளிம்பில் அடித்து வெடிக்கும் சிறிய .22 ரிம்ஃபயர் ரைஃபிளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. தோட்டாவின் வேகமோ துளைக்கும் ஆற்றலோ இதில் எங்கும் அளக்கப்படுவதில்லை. என் வேட்டை ரைஃபிளின் தோட்டா ஏஆர்-15 தோட்டாவைவிட வலியது. அதைச் சட்டம் திரும்பிக்கூடப் பார்க்காது.

2014-ல் நான் வாங்கியபோது வழி வேறாக இருந்தது. மேகசினை விரலால் அழுத்திக் கழற்ற முடியாது. ஒரு தோட்டாவின் நுனியையோ சிறு கருவியையோ உள்ளே செலுத்தித்தான் கழற்ற வேண்டும். புல்லட் பட்டன் என்ற பாகம் அதைச் செய்தது. கருவி தேவைப்பட்டதால் அது கழற்றக்கூடிய மேகசின் கணக்கில் வரவில்லை. பிஸ்டல் கைப்பிடி இருக்கலாம். கடைகள் வெளிப்படையாக விற்றன, மாநிலம் பின்னணிச் சோதனை செய்து அனுமதித்தது, பத்து நாள் காத்திருந்து நானும் கையெழுத்திட்டு வாங்கி வந்தேன்.

2015 டிசம்பர் 2 அன்று சான் பெர்னார்டினோவில் 14 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஜூலையில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டங்கள், மேகசினை வெளியே எடுக்க வேண்டுமானால் துப்பாக்கியின் இயங்குபகுதியையே பிரித்தாக வேண்டும், அப்போதுதான் அது நிலையான மேகசின் என்று வரையறையை இறுக்கின. 2017 ஜனவரி 1 முதல் என் ரைஃபிளின் வகை மாறியது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு 2018 ஜூன் 30 வரை அவகாசம் கிடைத்தது.

அந்த அவகாசத்தில் மாநிலத்துக்குள் இருந்தபடி செய்யக்கூடியவையாக மூன்று வழிகள் இருந்தன. 15 டாலர் கட்டி, ரைஃபிளின் படங்களை அனுப்பி, தாக்குதல் ஆயுதமாகவே பதிவு செய்துகொள்வது ஒன்று. அப்படிப் பதிந்தால் கைப்பிடியும் புல்லட் பட்டனும் அப்படியே இருக்கலாம். ஆனால் அதை மாநிலத்துக்குள் இன்னொரு தனிநபருக்கு விற்க முடியாது. நமக்குப் பின் பிள்ளைகள் வாரிசாக அப்படியே வைத்துக்கொள்ளவும் முடியாது. எங்கே கொண்டுபோகலாம், எப்படிக் கொண்டுபோகலாம் என்பதற்கும் தனி விதிகள் உண்டு. இரண்டாவது, ரைஃபிளைப் பாதி திறந்தால் மட்டுமே மேகசின் கழலும்படி பூட்டுவது. மூன்றாவது, தடைசெய்யப்பட்ட உறுப்புகள் அத்தனையையும் நீக்கிவிட்டு, மேகசினைச் சாதாரணமாகக் கழற்றும்படி வைத்துக்கொள்வது. கடைக்காரர்கள் இதை ஃபீச்சர்லெஸ் என்பார்கள்.

நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் என் மகள். எனக்கு ஏதாவது ஆனால் அவள் தலையில் விழும் சட்டச் சுமையை நானே உருவாக்கி வைக்க எனக்கு மனமில்லை. பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து, நீண்டு சுருங்கும் தோள்தண்டை ஊசியடித்து அசையாமல் நிறுத்தினேன். சுடர் மறைக்கும் முனையைக் கழற்றிவிட்டு, பின்னுதைப்பைக் குறைக்கும் வேறு முனையைப் பொருத்தினேன். கைப்பிடியில் மீன் துடுப்பைப் போன்ற தகடு வைத்த ஒன்றை மாட்டினேன். கட்டைவிரலைச் சுற்றி வளைத்துப் பிடிக்க முடியாதபடி அது தடுக்கும். பிடிப்பு மாறியதால் தோளும் மணிக்கட்டும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. நெடுநேரம் சுட்டால் இன்றும் மணிக்கட்டில் வலி தெரிகிறது. அதை நான் ஏற்றுக்கொண்டேன்.

வேலை முடிந்த அன்று, ரைஃபிளின் வரிசை எண், மாற்றிய ஒவ்வொரு பாகம், தேதி எல்லாம் எழுதிய ரசீது வேண்டும் என்று அந்தப் பழுதுபார்ப்பவரிடம் கேட்டு வாங்கினேன். இரு பக்கமும் படம் எடுத்துத் தேதியோடு சேமித்தேன். கழற்றிய கைப்பிடியையும் முனையையும் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. சட்டம் அதைக் கேட்டதா என்று சிலர் என்னிடம் வாதிட்டார்கள். ஒரு நாள் யாராவது பெட்டியைத் திறந்து பார்க்க நேர்ந்தால், எந்தக் கேள்வியும் எழக்கூடாது என்பதுதான் என் அளவுகோல்.

பதிவு செய்ய நினைத்த பலர் கடைசி வாரம் வரை காத்திருந்தார்கள். இணையதளம் நெரிசலில் திணறியது. முயன்றும் முடிக்க முடியாமல் போனவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அதன் சமரசப்படி 2022-ன் தொடக்கத்தில் பதிவு மீண்டும் சில மாதங்களுக்குத் திறக்கப்பட்டது. முன்பு முயன்றதற்கான சான்றை எடுத்து வைத்திருந்தவர்களால் எந்த வழக்கறிஞர் முன்பும் தைரியமாகப் போய் உட்கார முடிந்தது.

இனி நீதிமன்றங்கள். என் தொலைபேசி அதிகம் அடிப்பது தீர்ப்பு வரும் நாட்களில்தான்.

2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் புரூன் வழக்கில், துப்பாக்கிச் சட்டம் எதுவானாலும் அது நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. அதிலிருந்து ஒவ்வொரு மாநிலச் சட்டமும் மறுபடி நீதிமன்றப் படியேறியிருக்கிறது. ஆனால் கலிபோர்னியாவில் இந்த ஏற்ற இறக்கம் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. சான் டியேகோவில் உள்ள கூட்டாட்சி நீதிபதி ரோஜர் பெனிடெஸ், தாக்குதல் ஆயுதத் தடை செல்லாது என்று 2021 ஜூன் 4 அன்று தீர்ப்பளித்தார். தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில்கூட வெற்றி என்று செய்தி ஓடியது. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே அதன் அமலை அவர் 30 நாள் நிறுத்தி வைத்திருந்தார். அந்த 30 நாள் முடிவதற்குள் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கே தடையாணை கொடுத்துவிட்டது. 2023 அக்டோபர் 19 அன்று அவர் மீண்டும் அதே முடிவுக்கு வந்தார். மீண்டும் பத்து நாள் நிறுத்தம், அதற்குள் மீண்டும் மேல் நீதிமன்றத் தடை. இரண்டு முறையும் பிஸ்டல் கைப்பிடியைச் சட்டப்படி திருப்பி மாட்டக்கூடிய நாள் ஒன்றுகூட இருக்கவில்லை.

அந்த அக்டோபரில் ஒரு தம்பி அழைத்தான். நல்ல பையன், சுடுவதில் பொறுமையும் ஒழுங்கும் உள்ளவன்.

"அக்கா, தீர்ப்பு வந்துவிட்டது. பழைய கைப்பிடியை எடுத்து மாட்டிவிடவா?"

"கடைசிப் பக்கத்தைப் படித்தாயா?"

"தலைப்பைப் பார்த்தேன் அக்கா."

"கடைசிப் பக்கத்தைப் படி. எந்தத் தேதியிலிருந்து என்று அங்கேதான் எழுதியிருப்பார்கள். அதுவரை ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதே."

அவன் தொடவில்லை. அவனிடம் இருப்பது பச்சை அட்டை. பதியாத தாக்குதல் ஆயுதத்தை வைத்திருப்பது இந்த மாநிலத்தில் பெருங்குற்றமாகவே வழக்குப் பதியக்கூடியது. அதற்கு மேல், துப்பாக்கிக் குற்றத்துக்கான தண்டனை என்பது கூட்டாட்சிக் குடியேற்றச் சட்டத்தில் நாடு கடத்துவதற்கான காரணங்களில் ஒன்று. இங்கே பிறந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அபராதத்தோடு போகக்கூடிய விஷயம், நம்மில் ஒருவருக்கு வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் கொண்டுபோகலாம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தீர்ப்பு உடனே நடைமுறைக்கு வந்த சமயங்களும் உண்டு. பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகசினை விற்பதும் வெளியிலிருந்து கொண்டுவருவதும் 2000-த்திலிருந்தே இங்கே தடை. 2019 மார்ச் 29 அன்று பெனிடெஸ் அந்தத் தடையை நீக்கினார், தீர்ப்பின் அமலை நிறுத்தி வைக்கவில்லை. ஏப்ரல் 5 மாலை 5 மணிக்கு அவரே நிறுத்தி வைக்கும் வரை, ஒரு வாரம், மக்கள் சட்டப்படி வாங்கிக் குவித்தார்கள். அந்த வாரத்தில் வாங்கியவர்களுக்கு அந்த ஆணையே பாதுகாப்பும் கொடுத்தது. ஆனால் மேகசினில் வரிசை எண் கிடையாது. ஏப்ரல் 3-ல் வாங்கியதும் மே மாதம் நெவாடாவிலிருந்து கடத்தி வந்ததும் பார்வைக்கு ஒன்றே. வேறுபாட்டைச் சொல்லக்கூடிய ஒரே பொருள் தேதி போட்ட ரசீது. அப்போது வாங்கிய நண்பர் ஒருவர், மின்னஞ்சல் ரசீதையும் கடன் அட்டைக் கணக்கையும் அச்செடுத்து மேகசின்களோடு ஒரே பெட்டியில் வைத்திருக்கிறார். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவான அமர்வு தடை செல்லும் என்று தீர்ப்பளித்தபோது அவருக்குத் தன் நிலை என்னவென்று வழக்கறிஞரிடம் கேட்க அந்தக் காகிதங்கள் கையில் இருந்தன. நான் அந்த வாரத்தில் எதுவும் வாங்கவில்லை. காகித இலக்குக்குப் பத்துத் தோட்டா போதும்.

ரைஃபிளைவிடத் தோட்டாவில்தான் அன்றாடச் சங்கடம் அதிகம். 2019 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் தோட்டா வாங்கும் ஒவ்வொரு முறையும் பின்னணிச் சோதனை. கட்டணம் முதலில் ஒரு டாலர். 2025 ஜூலையில் ஐந்து டாலர் ஆனது. இந்தச் சோதனை நம் பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை எண், முகவரி ஆகியவற்றை மாநிலத்தின் துப்பாக்கிப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறது. வீடு மாறி, ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றிவிட்டுப் பதிவேட்டில் மாற்றாமல் விட்டால், இரண்டும் பொருந்தாது. கடைக்காரர் கை விரிப்பார். சட்டப்படி வாங்கத் தகுதியுள்ளவர்கள்தான் இதில் பெரும்பாலும் திரும்பி வருகிறார்கள். வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறிக்கொண்டே இருக்கும் நம் ஆட்களுக்கு இது கட்டாயம் நேரும். வீடு மாறிய வாரத்திலேயே, மின்சார இணைப்பை மாற்றும்போதே, இணையத்தில் பதிவேட்டு முகவரியையும் மாற்றிவிடுங்கள். உறுதிப்படுத்தும் பக்கத்தை அச்செடுங்கள்.

இன்னொரு நுணுக்கம். நீள்குழல் துப்பாக்கிகளின் விற்பனையை மாநிலம் பதிவேட்டில் நிலையாக வைக்கத் தொடங்கியது 2014 ஜனவரி 1-லிருந்துதான். அதற்கு முன் வாங்கிய ரைஃபிள் மட்டும் வைத்திருப்பவர் பதிவேட்டில் இல்லவே இல்லை. ஆகவே ஐந்து டாலர் சோதனை அவருக்கு உதவாது. 19 டாலர் கட்டி, நாட்கணக்கில் காத்திருக்கும் சோதனைதான் அவருக்கு. என் வேட்டை ரைஃபிள் 2011-ஐச் சேர்ந்தது. உரிமை அறிக்கை ஒன்றைத் தானாக முன்வந்து தாக்கல் செய்து அதையும் பதிவேட்டில் சேர்த்தேன். பதிவே கூடாது என்று கொள்கையாகச் சொல்லும் நண்பர்கள் இதை ஏற்க மாட்டார்கள். 2022 ஜூனில் மறைத்துத் துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி கேட்டவர்களின் விவரங்கள் மாநில இணையப் பக்கம் ஒன்றிலிருந்து வெளியே கசிந்ததை அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் என் பெயரில் ஒரு துப்பாக்கி இருப்பதை அரசு அறிந்திருப்பதில் எனக்கு மனத்தடை இல்லை.

ஓட்டுநர் உரிமத்தில் கூட்டாட்சி வரம்புகள் பொருந்தும் என்ற வாசகம் அச்சிடப்பட்டிருந்தால் அந்த அட்டை மட்டும் தோட்டா வாங்கப் போதாது. பாஸ்போர்ட் போன்ற இன்னொரு ஆவணமும் கொண்டுபோக வேண்டும். நம்மில் பலர் ரியல் ஐடி (கூட்டாட்சித் தரத்துக்கு ஏற்ற அடையாள அட்டை) எடுக்காமல் இருப்பதால் கடை வாசலில்தான் இது தெரியவரும்.

பிறகு ரீனோ. எல்லை தாண்டி இரண்டு மணி நேரத்தில் நெவாடா. அங்கே தோட்டா விலை குறைவு, சோதனை இல்லை, 2024 ஜூலையிலிருந்து இங்கே சேர்ந்துள்ள 11 சதவிகித மாநில வரியும் இல்லை. ஆனால் 2018 ஜனவரியிலிருந்து கலிபோர்னியாவில் வசிப்பவர் வெளி மாநிலத்தில் வாங்கிய தோட்டாவை நேராக வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது; உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகத்தான் வர வேண்டும். ரீனோ சுடுதளத்தில் சுடுவதற்கு அங்கேயே வாங்கி அங்கேயே தீர்த்துவிட்டு வாருங்கள். இந்தத் தோட்டாச் சோதனைச் சட்டமும் வழக்கில் இருக்கிறது. 2024 ஜனவரி 30-ல் ரத்தானது, பிப்ரவரி 5-ல் திரும்பி வந்தது. 2025 ஜூலை 24-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இரண்டுக்கு ஒன்று என்று அதைச் செல்லாது என்றது. அன்று மாலை கடைக்குப் போனவர்களிடமும் சோதனை நடக்கத்தான் செய்தது, ஏனென்றால் மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஆணையாக மாறிக் கீழே வந்து சேர இன்னும் படிகள் உண்டு.

மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி: 2019 ஜூலை 1 முதல் ஈயத் தோட்டாவால் எந்த விலங்கையும் வேட்டையாடக் கூடாது. ஈயத் துணுக்குள்ள இறைச்சியைத் தின்று காண்டோர் கழுகுகள் செத்துக்கொண்டிருந்தன. இந்தச் சட்டத்தை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். செம்புத் தோட்டா விலை கூடுதல்தான். ஆனால் நன்றாகப் பாய்கிறது. சுடுதளத்தில் பழகிய ஈயத் தோட்டாப் பெட்டி பையில் மிச்சம் கிடக்கிறதா என்று மலைக்குக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். வனவிலங்கு அதிகாரி கேட்டால் கையிலுள்ள தோட்டாவைக் காட்ட வேண்டும்.

வெளியிலிருந்து இங்கே குடிவருபவர்களைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். டெக்சாஸிலிருந்து மாற்றலாகி வரவிருந்த ஒரு பெண், எங்கள் அலுவலகத்தில் வேலை கிடைத்தவள், வருவதற்கு முன்பே என்னை அழைத்துக் கேட்டாள். அவளிடம் இருந்தது அங்கே எந்தக் கேள்வியும் இல்லாத ஏஆர்-15, கூடவே முப்பது தோட்டா மேகசின்கள். குடியேறிய 60 நாட்களுக்குள் துப்பாக்கிகளை அறிவிக்க வேண்டும் என்பதை அவள் எங்கோ படித்திருந்தாள். கொண்டுவந்துவிட்டுப் பிறகு அறிவிக்கலாம் என்று எண்ணியிருந்தாள். அந்த 60 நாள் சாதாரணத் துப்பாக்கிக்குத்தான். தாக்குதல் ஆயுத வரையறைக்குள் வரும் ரைஃபிள் எல்லையைக் கடக்கும் அந்தக் கணத்திலேயே குற்றம். பெரிய மேகசின்களும் அப்படியே. அவள் மேகசின்களை அங்கேயே விற்றாள், ரைஃபிளை டல்லாஸில் இருக்கும்போதே மாற்றியமைத்தாள், மாற்றிய ரசீதோடு வந்தாள். வந்த பிறகு நிம்மதியாக அறிவித்தாள்.

எச்1பி விசாவில் இருப்பவர்கள் கேட்கும்போது நான் நேராகச் சொல்லிவிடுவேன்: கூட்டாட்சிச் சட்டம் உங்களுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் குடியேற்ற வழக்கறிஞர் எழுத்தில் தரட்டும். இங்கே கஞ்சா சட்டப்படி விற்கிறதே என்று அதைப் பயன்படுத்துபவர்களும் கவனியுங்கள்: வாங்கும்போது நிரப்பும் கூட்டாட்சிப் படிவத்திலேயே, மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் அது குற்றம்தான் என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது. அதற்குக் கீழே கையெழுத்திடுவது நீங்கள்.

2026 ஜனவரி 1 முதல் வந்திருக்கும் மாற்றம் வீட்டுக்குள்ளேயே வருகிறது. துப்பாக்கி நம் கையிலோ உடனடிக் கட்டுப்பாட்டிலோ இல்லாதபோது, மாநிலம் சான்றளித்த பூட்டுப்பெட்டியில் இருக்க வேண்டும், அல்லது அத்தகைய பூட்டால் செயலிழக்கச் செய்திருக்க வேண்டும். முன்பு குழந்தைகள் கைக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் என்ற நிபந்தனையோடு இருந்த கடமை, இப்போது எல்லா வீட்டுக்கும். இதை எதிர்ப்பவர்களோடு நான் சண்டையே போடுவேன். எங்கள் பெரியப்பா போடியில் ஏலத் தோட்டத்துக்காக உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். தேர்தல் அறிவிப்பு வந்தால் அதைத் துணியில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். முடிவுகள் வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். தோட்டத்தில் பன்றி புகுந்தாலும் அந்த நாட்களில் தகரத்தைத் தட்டித்தான் விரட்டினார். அவர் அதற்காகத் தன்னைக் குறைந்தவராக நினைத்ததே இல்லை. என் மகளின் தோழிகள் வந்து தங்கும் வீட்டில் ஓர் இரும்புப் பெட்டி பூட்டியிருக்க வேண்டும் என்பது எனக்கு எந்தச் சட்டமும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பெட்டி சான்றளித்த பட்டியலில் இருக்கிறதா, அல்லது மாநிலத் தரத்துக்கு ஏற்ற கனத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி வாங்கிய ரசீதையும் கோப்பில் சேருங்கள். காரில் கொண்டுபோகும்போதும் தோட்டா நீக்கி, பூட்டிய உறையில் கொண்டுபோங்கள். பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் கூட்டாட்சிச் சட்டமே அப்படிக் கேட்கிறது. நம் புறநகரில் எந்தச் சாலையில் பள்ளி இல்லை?

என் கோப்பில் இருப்பவை: ஒவ்வொரு துப்பாக்கியும் வாங்கிய ரசீது, பத்து நாள் காத்திருப்புக்குப் பின் தந்த காகிதம், மாற்றியமைத்த ரசீதும் படங்களும், பதிவேட்டு முகவரி மாற்றிய சான்று, துப்பாக்கிப் பாதுகாப்புத் தேர்ச்சி அட்டையின் நகல் (ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்), வேட்டை உரிமம், சட்டப்பிரிவுகளின் அச்சுப்பிரதி. ஒவ்வொரு அச்சுப்பிரதியின் தலைப்பிலும் நான் படித்த தேதி. டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் உட்கார்ந்து, அந்த ஆண்டு ஆளுநர் கையெழுத்திட்ட துப்பாக்கிச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பழையதை மாற்றுகிறேன், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை ஜனவரி 1-ல்தான் உயிர் பெறுகின்றன. கோப்பு எங்கே இருக்கிறது என்பது என் கணவருக்கும் தெரியும். அவர் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. ஆனாலும் நான் இல்லாதபோது யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

மாநிலத்திடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. வரையறை மாறும்போது, பதிவேட்டில் முகவரி உள்ள ஒவ்வொருவருக்கும், என்ன மாறுகிறது, எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம், ஆங்கிலத்தோடு அவரவர் கேட்ட மொழியிலும், தபாலில் வர வேண்டும். வாகனப் பதிவு முடியப்போகிறது என்றால் தபால் வருகிறது. சிறைக்கே அனுப்பக்கூடிய மாற்றத்துக்கு அது இன்னும் அவசியம். இதைக் கேட்டு என் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன். உங்கள் தொகுதி வேறாக இருந்தால் உங்கள் உறுப்பினருக்கு எழுதுங்கள். கடிதத்தின் நகல் வேண்டுவோர் கேளுங்கள். பெயரையும் தொகுதியையும் மாற்றி அப்படியே அனுப்பலாம்.